மூணாங்கியர்

தையல்காரருக்குக் கடைத்தெரு வைத்திருந்த பெயர் மூணாங்கியர். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட மூணாங்கியர் இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். எல்லாம் அவர் மனைவியின் ஜீப்பால் வந்த வினை. நாற்பது வயதுக் கிழட்டு வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலை என்றால் அதற்குக் குஷி. ஆனால் மேட்டில் மூன்றாவது கியர் மட்டும் தானாக நழுவிவிடும். மேட்டுப் பண்ணைகளில் பால் எடுக்க அவள் போகும்போதெல்லாம் அவர் கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் லீவரை அமுக்கிக்கொண்டு வருவார். ஆறு வருடமாக இதே பிழைப்பு.

அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பழைய இரும்புக்காரரை ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். அதற்குள் யாரும் பிடிக்காமல் மேடு ஏறினால் ஜீப் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று பேச்சு. ஜீப் போனால் அவள் நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைக்க வேண்டியதுதான்.

பழைய வண்டி உடைக்கும் இடத்தில் அலைந்து ஒரு நல்ல கியர்பாக்ஸைப் பிடித்தாள். மாட்டித் தர வந்தவள், பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கும் நாத்தனார். கல்யாணமான நாளிலிருந்து எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தார்கள். பழைய பெட்டியை இறக்கித் திறந்தால் உள்ளே பற்கள் தேய்ந்து பொக்கை வாய். புதியதோ ஏறமாட்டேன் என்றது. ஜாக்கியில் தூக்கி எவ்வளவு தள்ளியும் ஒரு விரல் இடைவெளி அப்படியே நின்றது. போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துவிடலாமா என்று அவள் கேட்டாள்.

"இழுத்தா உடைஞ்சுரும் அண்ணி. கியர்ல போட்டுட்டு, பின்னாடி தண்டை லேசா திருப்புங்க. பல்லு பல்லைத் தேடிக்கும்."

மயிரிழை திருப்பினாள். கொடக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. நாத்தனார் அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் கொடுத்ததில் வலிக்காத அடி அது ஒன்றுதான்.

நான்கு மணிக்கு இரும்புக்காரர் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டாள். இன்ஜின் பாடியது, சக்கரம் அசையவில்லை. மறுபடியும் போட்டாள். ஊஹூம். இரும்புக்காரர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைக்கக் குனிந்தவள் சின்ன லீவரைப் பார்த்தாள். சக்கரங்களுக்கு விசையை அனுப்புகிற லீவர். மதியம் கியர் லீவரை மாட்டுவதற்கு முன்னால் வண்டியை வெளியே தள்ள, அதை நடுவில், நியூட்ரலில் விட்டவள் அவளேதான். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அதை முன்னால் தள்ளினாள்.

"ஏறுங்க," என்றாள் கணவரிடம்.

மேடு தொடங்கியது. மூன்றாவது விழுந்ததுமே அவர் கைகள் பழக்கத்தில் லீவரைக் கவ்வின.

"கையை எடுங்க."

"கழண்டுரும்மா."

"எடுங்கங்கறேன்ல."

ஒவ்வொரு விரலாக எடுத்தார். லீவர் அசையவில்லை. வளைவிலும் அசையவில்லை. அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். ஆளில்லாத ரோட்டில் ஹாரனை அடித்துத் தள்ளினாள். அவருக்குத்தான் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், தொடைக்கடியில் செருகினார். உச்சி தெரிந்ததும், கூரையில்லாத அந்த ஜீப்பில் இரண்டையும் தலைக்குமேல் தூக்கினார். கழுத்தில் கிடந்த அளவு டேப் அவிழ்ந்து காற்றில் பின்னால் பறக்க, அவள் நான்காவது கியருக்கு மாற்றினாள்.