கராஜ் கதவின் ஆயுசு

கராஜுக்குள்ளிருந்து படீரென்று சத்தம் கேட்டபோது அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி, 'போயிடுச்சு, ஒருவழியா போயிடுச்சு' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த நொடிதான் உறைத்தது, ஆபீஸுக்குக் கிளம்பிய கணவர் உள்ளே அல்லவா நிற்கிறார் என்று. போட்டது போட்டபடி ஓடினாள்.

அவர் காருக்கும் கதவுக்கும் நடுவில், ரிமோட்டை நீட்டிய கையை மடக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். கதவு ஒரு சாண் எழும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டது. மேலே மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே இரும்புத் தண்டில் சுற்றியிருந்த இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று நடுவில் முறிந்து, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

"என்னங்க, அடி கிடி எதுவும் படலையே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. மேல என்னமோ வெடிச்சுது."

அவள் அவருடைய தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அந்த ஒரு நொடி சந்தோஷத்துக்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஏனென்றால் ஸ்பிரிங் தானாக முறியவில்லை. மெனக்கெட்டு முறித்தது அவள்தான்.

விஷயம் இதுதான். அவளுக்கு ஒரே ஒரு தம்பி. பேங்க் வேலையில் இருந்தவன் ஒருநாள் அதை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் கராஜ் கதவு மாட்டுகிற, பழுது பார்க்கிற தொழிலில் இறங்கினான். சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த ஒரு சாப்பாட்டு வேளையில் கணவர் சும்மா இருக்கமாட்டாமல், "கதவு தூக்குறதுக்கா மாப்ள இவ்வளவு படிச்சே?" என்று கேட்டு வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் அவரும் சொன்னார், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தம்பி பாதிச் சாப்பாட்டில் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனவன்தான், அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. இவர் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீம்புக்கு வேறொரு கம்பெனியைக் கூப்பிட்டுப் புதுக் கதவு மாட்டினார். அக்காவும் தம்பியும் போனில் பேசிக்கொள்வதோடு சரி.

அப்படிப் பேசும்போதுதான், அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "சாதா ஸ்பிரிங்குக்கா. எதுக்கும் ஒரு ஆயுசு இருக்கில்ல, இதுக்குப் பத்தாயிரம் தடவை. அதுவரைக்கும் திறந்து மூடலாம். அப்புறம் படீர்னு ஒருநாள் போயிடும். போனா சொல்லு, வரேன்."

போனா சொல்லு, வரேன். இந்த மூன்று வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கணவர் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கதவைத் திறக்கிற வேகத்துக்கு, ஸ்பிரிங் போவதற்குள் தனக்கும் தம்பிக்கும் தலை நரைத்துவிடும் என்று பட்டது. ஆகவே காரியத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டாள். குப்பை கொட்டவும் கராஜ் வழி, தபால் எடுக்கவும் கராஜ் வழி, செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் அதே வழி. வாசல் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அதை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு போவாள். ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்து, கதவை மூடி, மறுபடி திறந்து அடுத்த செடிக்குப் போவாள். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்க வீட்டுக் கதவுக்கு ஏதாவது பிரச்சனையா? நாள் பூரா ஏறுது, இறங்குது" என்று கேட்டுவிட்டாள். "மோட்டாருக்கு எக்சர்சைஸ்" என்று சொல்லிச் சமாளித்தாள்.

இத்தனை பாடுபட்டும், முறிகிற நேரத்தில் கணவர் கீழே நிற்பார் என்பது மட்டும் அவள் கணக்கில் வரவில்லை.

"ஒரு கை பிடி, தூக்கிடலாம்" என்றார் அவர், ஆபீஸ் சட்டையின் கையை மடித்துக்கொண்டு.

"வேணாங்க. ஸ்பிரிங் போன கதவைத் தூக்கக் கூடாதாம்."

"யார் சொன்னா?"

அவர் குனிந்து, மூச்சைப் பிடித்து ஒரு தரம் தம் கட்டிப் பார்த்தார். கதவு அசையவில்லை, இடுப்புதான் அசைந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து கம்பெனிக்குப் போன் செய்தார். அடுத்த வாரம்தான் ஆள் வரும் என்றார்கள். கார் உள்ளே, அவர் வெளியே. நொண்டிக்கொண்டே பஸ் பிடித்து ஆபீஸ் போனார்.

சாயங்காலம் வந்தவர் நாற்காலியில் சாய்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "உன் தம்பி இப்பவும் அந்த வேலைதான பண்றான்?"

"ஆமா."

"கேட்டுப் பாரேன்."

ஏதோ உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலச் சொன்னார். அவளும் உப்பை எடுத்துக்கொடுப்பதுபோலச் சரி என்றுவிட்டு, சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதுகொண்டாள். தம்பிக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "சனிக்கிழமை வரேன். அதுவரைக்கும் யாரும் கதவுல கை வைக்க வேணாம்னு சொல்லு" என்றான். அத்தானிடம் சொல்லு என்று சொல்லவில்லை. யாரும் என்றுதான் சொன்னான்.

மறுநாள் அந்தக் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. கணவர்தான் எடுத்தார். நாளைக் காலையிலேயே ஆள் அனுப்ப முடியுமாம், வேறு வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றுவிட்டது. இடுப்பு வலியோடு பஸ்ஸில் தொங்குகிற மனுஷன், சரி என்றுதான் சொல்லப்போகிறார். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரே வார்த்தையில் வீணாகப்போகிறது என்று நினைத்தாள்.

"வேணாங்க" என்றார் அவர் போனில். "எங்க வீட்டு ஆளே வராரு."

அவள் நறுக்கிய காயையே இன்னொரு தரம் நறுக்கினாள்.

சனிக்கிழமை தம்பி வேனில் வந்து இறங்கினான். கொஞ்சம் பெருத்திருந்தான், முன்நெற்றி ஏறியிருந்தது. "வாங்க" என்றார் கணவர். முன்பெல்லாம் 'வாடா'தான். "வரேன்" என்றுவிட்டு அவனும் நேரே கராஜுக்குள் போய் ஏணியை விரித்தான்.

முறியாத ஸ்பிரிங்கையும் அவன் கழற்றினான். "அது நல்லாத்தான இருக்கு?" என்றார் கணவர். "இதுவும் அதே அளவு உழைச்சதுதான். இன்னிக்கு விட்டா நாளைக்குப் போகும்" என்றான். ஏணி கொஞ்சம் ஆடியது. கணவர் போய் அதைப் பிடித்துக்கொண்டார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. தம்பி இரண்டு இரும்புக் கம்பிகளை ஸ்பிரிங் முனையில் இருந்த துளைகளில் மாற்றி மாற்றிச் செருகி, புது ஸ்பிரிங்கை முறுக்கேற்றினான். ஒவ்வொரு முறுக்குக்கும் அவன் முன்கை நரம்பு புடைத்தது. அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர், "அன்னிக்கு நானும் தூக்கிப் பார்த்தேன்" என்றார்.

"எதை?"

"கதவைத்தான். இடுப்பு போச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "கதவு தூக்குறது ஒண்ணும் லேசுப்பட்ட வேலை இல்ல" என்றார்.

தம்பியின் கை நின்றது. அவன் கீழே பார்க்கவில்லை. "ஏணியை இறுக்கிப் பிடிங்க அத்தான்" என்றான்.

அத்தான் என்று அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவள் வாசற்படியில் நின்றாள். நின்றது தப்பாகப் போயிற்று. இறங்கி வந்தவன் பழைய ஸ்பிரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்து, "புதுக் கதவுதான? இன்னும் எத்தனையோ வருஷம் ஓடியிருக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் திறக்கிறீங்க?" என்றான்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றார் கணவர்.

தம்பி மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான். "அடுப்புல என்னமோ தீயுது" என்று அவள் உள்ளே ஓடினாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

இரண்டு தட்டில் சாப்பாட்டோடு திரும்பி வந்தபோது, மோட்டாரிலிருந்து கதவை விடுவித்துக் கையாலேயே பாதி உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள். அவர் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்.

"இப்ப கையை விடுங்க அத்தான்."

"விழுந்துடும்."

"விழாது, ஸ்பிரிங் தாங்கிக்கும். விடுங்க."

கணவர் ஒவ்வொரு விரலாக எடுத்தார். கதவு மார்பளவு உயரத்தில், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, யாரும் பிடிக்காமல் அப்படியே நின்றது.

"டேய்" என்றார் அவர். "நிக்குதுடா!"

தம்பி சிரித்துவிட்டான். இருவரும் கராஜ் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் தட்டைக் காலி செய்து, மறுசோறும் கேட்டு வாங்கினான். அவள் ஒரு கரண்டி கூடவே பரிமாறினாள்.

"கெட்டி ஸ்பிரிங்கா போட்டிருக்கேன்" என்றான் கிளம்பும்போது. "முன்னதைவிட ரெண்டு மடங்கு உழைக்கும். மூணு மாசத்துக்கு ஒருதரம் எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சா போதும், அத்தானே செஞ்சுக்கலாம். இனிமே என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது."

"ஓ" என்றார் கணவர். அவர் முகம் கொஞ்சம் வாடியதை அவள் பார்த்தாள். ஏன்டா, சாதாவே போட்டிருக்கக் கூடாதா என்று அவளுக்கும் நாக்கு நுனி வரை வந்தது.

மறுநாள் காலை கராஜ் கதவு ஏறுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கணவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு சின்னக் குப்பைப் பையோடு கராஜிலிருந்து வெளியே வந்தார். பையைத் தொட்டியில் போட்டார். உள்ளே போனார். கதவு இறங்கியது.

எதிர்வீட்டு அம்மா ஜன்னல் திரையை விலக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி ஏறியது. அவர் வெளியே வந்து, செடிகளுக்குப் பக்கத்தில் நின்று, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு உள்ளே போனார். இந்த முறை அவர் கையில் குப்பை எதுவும் இல்லை.