வீட்டுக்குள் வெயில்

சுதந்திரத்தின் விலை முந்நூற்றைம்பது ரூபாய். எட்டுக் கம்பி, கறுப்புத் துணி. குரோம்பேட்டையில் என் கடையில் கிடைக்கும். பேரம் பேசினால் முந்நூற்று இருபதுக்கும் தருவேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

மழைக்காகக் குடை வாங்குகிறவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் வனஜாவுக்காக வாங்குகிறவர்கள். வனஜா ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படத்தின் கதாநாயகி. பெண் பார்க்க வந்தவர்கள் நடுவே, கூடத்திலேயே குடையை விரித்து, "வீட்டுக்குள்ளயே இவ்ளோ வெயிலா? நான் கெளம்புறேன்" என்று படியிறங்கிப் போய்விடுவாள். வருஷம் ஒருமுறை என் கடை மாடியில் அந்தப் படத்தைப் போடுவோம். அந்தக் காட்சி வந்ததும் அத்தனை பேரும் குடையை விரித்து, வசனத்தைக் கூடவே சொல்வார்கள். பக்கத்து ஆளின் கண்ணைக் குத்தாமல் விரிப்பது ஒரு வித்தை. எனக்குப் படம் எப்போதோ அலுத்துவிட்டது. குடை விற்கிறது, போடுகிறேன்.

காந்திமதியும் புனிதவதியும் சிநேகமானது அந்த மாடியில்தான். காந்திமதிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, மாடம்பாக்கத்தில் வீடு. புருஷன் இல்லை, ஒரே மகள் எழில். புனிதவதிக்கு ஒரே மகன் முகிலன். ரெண்டு பேருக்கும் வனஜா என்றால் உயிர், அப்படியானால் மனசும் ஒன்றுதான் என்று சம்பந்தம் பேசக் கிளம்பிவிட்டார்கள். ஒரே கடையில் குடை வாங்கினால் ஒரே வீட்டில் வாழ்ந்துவிட முடியுமா? யாரும் என்னைக் கேட்கவில்லை. பெண் பார்க்கிற அன்று, பெரிய மனுஷன் என்று காந்திமதி வீட்டுக் கூடத்தில் உட்கார மட்டும் கூப்பிட்டார்கள்.

புனிதவதி பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "சீர்லாம் வாணாம் காந்தி. ஒண்ணே ஒண்ணு. கல்யாணம் ஆனதும் எழிலு வேலைய வுட்டுரணும். வண்டலூர்ல புலிக்கு மருந்து குடுத்துகினு கீறவள மருமவன்னு எப்டி வெளிய சொல்றது?"

எழில் வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் மிருக வைத்தியருக்கு உதவியாள். அலையாய் அலைந்து வாங்கிய வேலை.

"புலிக்கே ஊசி போடுறேன் அத்தை. உங்க புள்ளைக்கும் போடுவேன், நோவாது."

முகிலன் சிரித்துவிட்டான். அம்மா பார்த்த பார்வையில் சிரிப்பைப் பஜ்ஜியோடு சேர்த்து விழுங்கினான்.

எழில் தன் அம்மாவிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. வுட்டுரவா?"

காந்திமதி பேசவில்லை. பேரத்தில் முதலில் வாய் திறக்கிறவன் தோற்பான், அது எங்கள் தொழில் பாடம். ஆனால் இது பேரமாகத் தெரியவில்லை. மிஷின் மிதித்து வீங்கிய காலோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் புனிதவதி.

"நான் குடைக்காரன்மா. மழை பெய்யணும்னுதான் சொல்வேன்."

"இன்னா காந்தி, வாயில கொழுக்கட்டையா?"

காந்திமதி முட்டியைப் பிடித்தபடி எழுந்தாள். மூலைக்குப் போய், போன வாரம் என்னிடம் கடனுக்கு வாங்கிய குடையை எடுத்தாள். கூடத்தின் நடுவே வந்து விரித்தாள். மேலே ஓடிய ஃபேன் ஒரு கம்பியை வளைத்துவிட்டது. அதற்கும் அவள் அசையவில்லை.

பழக்கம் பொல்லாதது. புனிதவதியின் வாய் தானாகத் திறந்தது: "வீட்டுக்குள்ளயே இவ்ளோ வெயிலா..."

பாதியில் நின்றது. யாரைப் பார்த்துச் சொல்கிற வசனம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"அது சினிமாடி" என்றாள் மெதுவாக.

"ஆமா. என் பொண்ணு சினிமா இல்லியே."

வனஜா என்றால் வெளியே போயிருப்பாள். இது காந்திமதியின் வீடு, அவள் எங்கே போவாள்? வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். எழில் அம்மாவின் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கப் பார்த்தாள். வளைந்த கம்பி மடங்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள். சந்தோஷப்படக்கூட இருவருக்கும் தெம்பில்லை.

அடுத்த முறை படம் போட்டபோது புனிதவதியும் வந்தாள், வேறு வரிசையில் உட்கார்ந்தாள். காட்சி வந்ததும் முதலில் விரிந்தது அவள் குடைதான். வசனத்தை மட்டும் சொல்லவில்லை.

குடை முந்நூற்றைம்பது. புதுக் கம்பி போட்டது முப்பது. நான் தின்ற பஜ்ஜி நாலு, நாற்பது ரூபாய் கழிவு. காந்திமதி எனக்குத் தர வேண்டிய பாக்கி முந்நூற்று நாற்பது. நிற்கட்டும்.