கண்ணகையின் காலடி மண்

குருக்கள்மடத்துச் சுனாமி வீட்டுத்திட்டத்தில் அஜந்தாவின் வயிற்றெரிச்சல் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. அதன் பெயர் கண்ணகை.

இருவருக்கும் ஒரே நிறுவனம்தான் வாழ்வாதாரத்துக்கென்று கண்ணாடித் தொட்டி கொடுத்தது. இருவரும் வளர்த்தது டிஸ்கஸ் என்கிற அழகுமீன்தான். ஆனால் ஊரார் பார்க்கப் போவது கண்ணகையின் தொட்டியை. கடல் அவள் புருசனைக் கொண்டுபோனது உண்மை. அஜந்தாவும் அன்றைக்கு அழுதாள். அதற்காக ஐந்து வருசம் கழித்தும் ஒருத்தியைப் பார்த்து எரியாமல் இருக்க முடியுமா என்ன? அஜந்தாவால் முடியவில்லை.

யுத்தம் முடிந்து கொழும்பு வாகனங்கள் வரத் தொடங்கிய மாரி அது. மீன் ஏற்றுமதி செய்கிற முதலாளி ஒருவர் இரண்டு தொட்டியையும் பார்த்தார். மாரிக் குளிரில் யாருடைய மீன் தப்புகிறதோ, தை பிறந்ததும் அவரிடம் மட்டுமே எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். டிஸ்கஸ் சூடு கேட்கிற சாதி. தண்ணீர் குளிர்ந்தால் தீன் எடுக்காது, நிறம் கறுத்து மூலையில் ஒதுங்கிவிடும்.

கண்ணகை தொட்டியின் இரு முனையிலும் தண்ணீரைச் சூடாக்கும் சின்ன ஹீற்றர் ஒவ்வொன்று போட்டாள். அஜந்தா வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"என்னத்துக்கு அக்கா ரெண்டு?"

"ஒண்டு பழுதானா மற்றது தாங்கும் புள்ள. ஒண்டு நிக்காம எரிஞ்சாலும் சின்னன்தானே, தண்ணி கொதிக்காது. நீயும் இப்பிடியே வாங்கு."

நீயும் இப்படியே வாங்கு! அதைக் கேட்ட பிறகு அஜந்தா அப்படி வாங்குவாளா? மட்டக்களப்புக்கு பஸ் ஏறி, கடையில் இருந்ததிலேயே பெரிய ஹீற்றரைக் கேட்டாள். கடைக்காரர் தொட்டியின் அளவை விசாரித்தார். பெரிய தொட்டிதான் என்று வாய் கூசாமல் புளுகினாள். வீட்டுக்கு வந்து, வேலிக்கு அப்பால் நிற்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி அதைப் பொருத்தினாள்.

கண்ணகை கிழமைக்கொருதரம் வயரைக் கழற்றி, ஹீற்றர் ஆறும்வரை காத்திருந்து, கிணற்றுத் தண்ணீரால் படிந்த வெள்ளைக் காரையைப் புளிப்புத் தேசிக்காய்த் தோலால் தேய்த்து எடுப்பாள். பிறகு வெப்பமானியைக் குனிந்து பார்ப்பாள். பெரிய டொக்டர் என்று அஜந்தா முணுமுணுப்பாள். விலை கூடின சாமானுக்கு என்னத்துக்குப் பணிவிடை? தன் ஹீற்றரை அவள் தொட்டுத் துடைத்ததில்லை. வெப்பமானியும் வாங்கவில்லை, கண்ணகை வைத்திருந்தபடியால்.

மார்கழியில் ஒரு காலை அஜந்தாவுடைய மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன. இரண்டு செத்து மிதந்தன. முந்தின நாள் பின்னேரம் கண்ணகை வாசலில் நின்று, "உன்ட மீன் நல்ல வடிவா வருதுகா" என்று சொன்னது அஜந்தாவுக்கு நினைவு வந்தது. வேறென்ன வேண்டும்? கண் வைத்துவிட்டாள் பாவி!

வாசல் ஈரமண்ணில் கண்ணகையின் காலடி அப்படியே பதிந்திருந்தது. அஜந்தா அதைச் சுரண்டி எடுத்தாள். உப்பும் செத்தல் மிளகாயும் சேர்த்து, தொட்டியை மும்முறை சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணூறு பட்டிருந்தால் மிளகாய் நெடிக்காது. இது ஊரறிந்த சோதனை.

நெடித்ததே ஒரு நெடி! வீடே இருமியது. அவள் புருசன் ஜெயந்தன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"அடியே, கண்ணூறும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" என்றவன் தொட்டிக்குள் கையை விட்டு வெடுக்கென்று எடுத்தான். "தண்ணி சுடுது! உன்ட ஹீற்றர் நிக்காம எரியுது!"

வயரைப் பிடுங்கினான். இருமல் சத்தத்துக்குக் கண்ணகையும் வந்துவிட்டாள். வாசலில் சுரண்டிய பள்ளத்தைப் பார்த்தாள், அடுப்பிலிருந்த மண்ணைப் பார்த்தாள். விளங்காதவளா அவள்? ஆனாலும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய், இரண்டு ஹீற்றரில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சூடு இறங்கினாப் பிறகு இதப் போடு. மிச்ச மீனாவது தப்பட்டும்."

"உங்கட தொட்டிக்கு?"

"ஒண்டு இரிக்கிதானே."

அஜந்தாவால் அடக்க முடியவில்லை. "முதலாளி என்னட்ட எடுத்தா என்ன செய்வீங்க? என்ட மீனப் பாத்து உங்களுக்கு ஒருநாளும் எரியல்லையா அக்கா?"

கண்ணகை சிரித்தாள். குத்தலே இல்லாத சிரிப்பு.

"உன்னப் பாத்தா? எனக்கு என்னத்துக்குப் புள்ள எரியணும்?"

சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அஜந்தா அந்த ஹீற்றரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து வருசம் வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இரவும் பகலும் வெந்திருக்கிறாள். அந்தப் பக்கம் இருந்தவளுக்கு இவளைப் பார்த்து ஒரு துளி பொறாமைகூட வரவில்லை. கண்ணகை கண் வைத்திருந்தால்கூட அஜந்தா மன்னித்திருப்பாள். அவளுக்கு விக்கி விக்கி அழுகை வந்தது.

"ரெண்டு மீன்தானே செத்தது, விடு" என்றான் ஜெயந்தன்.