மேலது, பக்கம் 47

1

இந்தக் கதை என்னுடையதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. விருத்தாசலத்தில் கல்லூரிக்குப் போகிற சாலையில் ஒரு டிடிபி கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், ஆய்வேடு தட்டச்சு. நான் இன்னமும் கையால்தான் எழுதுகிறேன், தட்டச்சு செய்ய அங்கே கொடுப்பேன். கடையை நடத்துகிற அம்மா ஒருநாள் என் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இதெல்லாம் ஒரு கதைங்களா சார்? நான் ஒன்னு சொல்றேன், கேளுங்க" என்றாள். கேட்டேன், எழுதினேன், அவளிடமே தட்டச்சுக்குக் கொடுத்தேன்.

ஆகவே ஓர் எச்சரிக்கை. சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான் எழுதியதல்ல, தட்டச்சு செய்யும்போது அவள் சேர்த்தது. எடுத்துவிடச் சொன்னேன். "சரிங்க சார்" என்றாள். எடுக்கவில்லை. [நேர்ல அம்மான்னு கூப்புடுறாரு. எழுத்துல மட்டும் அவள், இவள்.]

முதல் வரியாக நான் எழுதியது: "மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லாத ஒரு கோடையில்"

விட்டுவிட்டேன். இந்த ஊரைப் பற்றி யார் எழுதினாலும் ஆற்றில் தண்ணீர் இருப்பதில்லை. அடுத்தது: "பீங்கான் நகரம் என்று அழைக்கப்படும் விருத்தாசலம், கடலூர் மாவட்டத்தின்"

[இது நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குற வரி சார். 'ஊர்'னு ஒரு ஃபைலு. எங்கேருந்து எடுத்தீங்க?]

எங்கிருந்தும் எடுக்கவில்லை. தானாகவே வந்தது. திருட்டு பெரும்பாலும் அப்படித்தான் வரும்போல.

2

அவளுக்கு அம்புஜவல்லி என்று பெயர் வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தேழு. [எம்பேரு அது இல்ல. பரவால்ல, பெரிய எடத்துப் பேரா இருக்குது.] ஆய்வேட்டில் ஒருவர் பெயரை எடுத்துவிட்டால் திருட்டு, கதையில் எடுத்துவிட்டால் நாகரிகம். இந்த வசதிக்காகவே நான் ஆய்வு செய்யாமல் கதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடை வைப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு பீங்கான் யூனிட்டில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டினாள். பிறகு தட்டச்சு கற்று, கம்ப்யூட்டர் கற்று, கடை போட்டாள். இதுவரை இருநூறு ஆய்வேடுகளாவது அடித்திருப்பாள். மேற்கோள் விதிகள் அவளுக்கு அத்துப்படி. ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம். அடுத்த குறிப்பிலும் அதே நூல் வந்தால் மேலது. "பக்க எண் எங்க தம்பி? பக்க எண் இல்லாம வந்தா நான் அடிக்க மாட்டேன்" என்று முனைவர் பட்ட மாணவர்களை விரட்டுவாள்.

இத்தனை கறாரான கடையில்தான் இன்னொன்றும் நடக்கும். உறுதிமொழி, நன்றியுரை, ஊர் அறிமுகம் மூன்றும் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று மாணவர்கள் எழுதி வருவதில்லை. "நீங்களே போட்டுடுங்கக்கா" என்பார்கள். அவளும் கம்ப்யூட்டரில் இருப்பதை எடுத்துப் போட்டுவிடுவாள். தெய்வநாயகம் என்றொருவர் ஆய்வேட்டில், 'என் படிப்புக்காக அடுப்படி வேலையையும் ஏற்றுக்கொண்ட என் அன்புக் கணவருக்கு நன்றி' என்று இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் யாரும் அதைக் கேட்கவில்லை. படித்தால்தானே கேட்பார்கள்!

(இங்கே ஒரு சின்னக் கட்டுரை. அடிக்குறிப்பு என்றால் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஒருவன் துண்டு போட்டுவிட்டுப் போன சீட்டில் நாம் உட்காராமல் இருப்பது, அவ்வளவுதான். துண்டே போடத் தெரியாதவர்களின் சீட்டை என்ன செய்வது என்று எந்த விதிநூலிலும் இல்லை.)

3

2012. மணிபாரதி என்றொரு மாணவர், பீங்கான் தொழிலில் பெண்கள் என்ற தலைப்பில் ஆய்வேடு கொண்டுவந்தார். மூன்றாவது இயலில் களவிவரணை போதவில்லை என்று நெறியாளர் திருப்பியிருந்தார். மணிபாரதிக்கு யூனிட்டுக்குள் போனாலே தும்மல். கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்புஜவல்லி அவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். அவர் வருவதற்குள் ஒன்றரைப் பக்கம் அடித்து வைத்தாள். அதிலிருந்து நான்கு வரி மட்டும் கொடுக்கிறேன், அனுமதி வாங்கித்தான்:

'கைப்பிடி ஒட்டுகிறவள் கோப்பையை இரண்டு முறை தொடுகிறாள். முதல் முறை ஈரம் பார்க்க, இரண்டாம் முறை ஒட்ட. ஈரம் பார்க்கத் தெரியாதவள் ஒட்டிய கைப்பிடி அப்போது விழாது, சூளையில்தான் விழும். விழும்போது அவள் அங்கே இருக்க மாட்டாள்.'

மணிபாரதி படித்தார். "நல்லாருக்குதுக்கா, போட்டுடுங்க" என்றார். அச்சில் அது நாற்பத்தேழாம் பக்கத்தில் வந்தது. நன்றியுரையில் 'தட்டச்சு செய்து உதவியவர்களுக்கும்' என்று ஒரு வரி. அவருக்குப் பட்டம் கிடைத்தது, கல்லூரியில் வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு பீங்கான் பற்றி யார் ஆய்வேடு கொண்டுவந்தாலும், ஊர் அறிமுகத்தின் வாலில் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அவள் சேர்த்துவிட்டாள். ஐந்து ஆய்வேடுகள். பைண்டிங் முடிந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து ஒரு தடவை படிப்பாள். "அது திருட்டும்மா" என்றேன். "என்னோடத நான் எடுத்து வைக்கறதுல என்னா சார் திருட்டு?" என்றாள்.

4

போன வருஷம் கவிப்ரியா வந்தாள். கருவேப்பிலங்குறிச்சிப் பெண். ஐந்து வருஷம் யூனிட் யூனிட்டாக அலைந்து எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு, அடித்தது இதே கடையில். திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். கையில், மற்ற ஆய்வேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கணினி கொடுத்த ஒப்புமை அறிக்கை, அதில் ஒன்றரைப் பக்கம் முழுக்கச் சிவப்பு.

"நான் யாருதையும் பாத்து எழுதலைக்கா. இந்தப் பக்கத்தை நான் எழுதவே இல்ல. எப்டி உள்ள வந்துச்சு?"

"ஊர் அறிமுகத்தோட வந்துச்சு" என்றாள் அம்புஜவல்லி. பொய் சொல்லவில்லை.

கவிப்ரியாவின் நெறியாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மணிபாரதி. கவிப்ரியா அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், ஒரு ஒன்றரைப் பக்கம் உங்க ஆய்வேட்டோட ஒத்துப்போகுதுன்னு வந்திருக்குது சார்."

அவர் சிரித்தார். "ரெண்டு தரம் தொடுறது, அதானே? ஆறு மாசம் யூனிட்டுல உக்காந்து பாத்து எழுதுனதும்மா அது. அந்த எடத்துக்குத்தான் வைவாவுல எனக்குக் கையக் குடுத்தாங்க. ஒன்னும் பயப்படாத. மேற்கோள் குறிக்குள்ள போட்டு, கீழ என் பேரு, தலைப்பு, வருஷம், பக்கம் நாப்பத்தேழு போடு. அடுத்தடுத்து வந்தா மேலது. சரியாயிடும்."

அம்புஜவல்லியின் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. ஆறு மாசமாம். ஆறு வருஷம் உட்கார்ந்தவள் இங்கே இருக்கிறாள், அவள் எழுதிய வரிக்கு அடியில் அவர் பெயரை அவள் கையாலேயே அடிக்க வேண்டும். விதிப்படி அதுதான் சரியான மேற்கோள். ஒரு குறை சொல்ல முடியாது.

5

இந்த இடத்தில் மணிபாரதியை வில்லனாக்கப் பார்த்தேன். பளபளக்கும் கார், தங்கப் பிரேம் கண்ணாடி, ஓர் அதட்டல் எல்லாம் வைத்து இரண்டு பக்கம்

[கிழிச்சுப் போட்டுட்டேன். மணிபாரதி அப்டி ஆளு இல்ல சார். மாசத்துல ரெண்டு தரம் கடைக்கு வருவாரு, எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப பழம் வாங்கிட்டு வந்து பாத்தாரு. தானே எழுதுனதா நெசமாவே நம்புறாரு, அதான் வவுறு எரியுது.]

சரி. மணிபாரதி நல்லவர். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பக்கம் மெல்ல மெல்ல அவருடையதாகிவிட்டது. ஆறு மாதம் யூனிட்டில் உட்கார்ந்ததுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இது எனக்குத்தான் சங்கடம், நல்லவரை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கடினம்.

6

போனை வைத்ததும் அம்புஜவல்லி சொன்னாள்.

"அது நான் எழுதுனது கவிப்ரியா."

கவிப்ரியா சிரித்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"ஆதாரம் எதுனா இருக்குதாக்கா?"

குத்தலாகக் கேட்கவில்லை. ஐந்து வருஷமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி அது, வாயில் வந்துவிட்டது.

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டாயிற்று. அம்புஜவல்லி திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "நெசத்துல ரெண்டு தரம் இல்ல, மூணு தரம் தொடுவோம். ஒட்டுனப்புறம் ஓரத்துல பிதுங்குற களிக்குழம்பை விரலால வழிச்சு எடுக்கணும், இல்லன்னா அந்த எடம் திட்டு திட்டா நிக்கும். மணிபாரதி டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிக்கணுமேன்னு அத விட்டுட்டேன். அவரு பாத்து எழுதியிருந்தா மூணுன்னு இல்ல எழுதியிருப்பாரு?"

கவிப்ரியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆதிலட்சுமி அக்கா மூணுன்னுதான் சொன்னாங்க. கைப்பிடி ஒட்டுறவங்க, பேட்டியில சொன்னாங்க. சார் ரெண்டுன்னு எழுதியிருக்காரேன்னு, நாலாவது இயல்ல நானும் ரெண்டுன்னு மாத்திட்டேன். அய்யோ, எங்கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுனாங்கக்கா!"

கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அச்சில் வந்ததை நம்பிய பெண்ணை இங்கே கொஞ்சம் கிண்டல் செய்யலாம். செய்யவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அழுது முடித்து, ஒரு வழி சொன்னாள். "பின்னிணைப்புல தகவலாளர் பட்டியல் இருக்குது. பேரு, வயசு, ஊரு, தொழிலு. அதுல உங்க பேரையும் சேத்துடறேன்க்கா. சாருக்கும் சங்கடம் இல்ல."

"தகவல் குடுத்தவளா நான்?"

"எழுதுனவங்கன்னு போட்டா சார் பட்டத்துக்கே வம்பாயிடும்க்கா. அவரு கையெழுத்து இல்லாம என்னுதும் நின்னுடும்."

"சரி. பக்கத்தையே எடுத்துட்டா?"

"எடுத்துடலாம். யாருக்கும் தொந்தரவு இல்ல." கவிப்ரியா எழுந்தாள். "நான் வெளிய நிக்கறேன். நீங்களே அடிச்சுடுங்க. என்னா அடிச்சாலும் அதோட குடுத்துடுவேன். சத்தியமா."

சொன்னபடியே வெளியே போய், சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் அந்த ஒன்றரைப் பக்கம் இருந்தது. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஓர் எண், எண்ணுக்குப் பக்கத்தில் வெற்றிடம்.

7

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) 'மணிபாரதி, பக்கம் 47' என்று அடித்தாள். இருவர் பிழைப்பும் பிழைத்தது.

(ஆ) தன் பெயரை அடித்தாள். ஆசிரியர் என்ற இடத்தில், தகவலாளர் என்ற இடத்தில் அல்ல. பிறகு என்ன ஆனது என்று எழுத எனக்கு நாவல் அளவுக்கு இடம் வேண்டும்.

(இ) பக்கத்தையே நீக்கினாள். ஆய்வேட்டில் இரண்டு மூன்றாகத் திருந்தியது, எழுதியவள் எங்கும் இல்லை.

இவையெல்லாம் என் கற்பனை. உண்மையில் என்ன அடித்தாள் என்பது எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை நான்கு தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல நான்கு தாள் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தட்டச்சுப் பிரதி வாங்கப் போனபோது, அந்த நான்கு தாளையும் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இத அடிக்கலைங்க சார்."

"ஏம்மா, தப்பா எழுதிட்டேனா?"

"தப்பு இல்ல. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அந்த ஒன்றரைப் பக்கம் அவருதுன்னு ஆயிடுச்சு. மீதிக் கதையை நீங்க எடுத்துக்கிட்டீங்க, எடுத்துக்குங்க, நான்தான் சொன்னேன். இது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும் சார். இதாச்சும்."

வேறு கடைக்குக் கொண்டுபோயிருக்கலாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு கடை இருக்கிறது. வாசல்வரை போனேன், ஒளிப்பானேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இல்லை. நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அதற்கு அடியில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அவள் பெயரில் போட்டுவிடாதீர்கள், அவள் அதை எழுதவில்லை.