தானாக விழுந்த பல்

பள்ளிக்கூடப் படியில் சறுக்கி விழுந்தபோது சின்னவளுக்கு ஒன்பது வயது. முதுகில் அடி. சிராய்ப்புகூட இல்லை. ஆனால் சில நாட்களில் அந்த இடம் கல் போல வீங்கியது. கட்டியாக இருக்குமோ என்று பயந்த மருத்துவர், கொஞ்சம் சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். அவர் மேல் குற்றமில்லை, எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். வெட்டிய இடத்தில் சதை வளராமல் எலும்பு வளர்ந்தது. அடுத்த ஆண்டு வலது கை தோளுக்கு மேல் போக மறுத்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிடுவது அக்காதான்.

நோய் இன்னதென்று தெரிய இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது என்றார் ஒரு மூத்த மருத்துவர். பிறவியிலேயே உள்பக்கம் வளைந்திருந்த அவளுடைய கால் பெருவிரல்களைத் தொட்டுக் காட்டினார்.

"இதை அப்பவே யாராவது கவனிச்சிருந்தா கத்தியே வெச்சிருக்க மாட்டாங்கம்மா. இனிமே வெட்டக் கூடாது, தசையில ஊசி போடக் கூடாது, விழக் கூடாது. தசைக்குக் காயம் பட்டா அங்க எலும்பு வளர்ந்துடும். வளர்ந்ததை வெட்டினா இன்னும் வளரும்."

"அப்போ மருந்து?" என்றாள் அக்கா.

"இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை."

சரி, யாரோ ஒருவர் கண்டுபிடிக்கத்தானே வேண்டும் என்று சின்னவள் உயிரியல் படிக்கப் போனாள். படித்து முடிப்பதற்குள் கழுத்து திரும்புவதை நிறுத்திக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பிப் பார்ப்பாள். "முதுகெலும்பு இல்லாதவன்னு என்னை எவனும் சொல்ல முடியாது. எனக்கு ரெண்டு இருக்கு" என்பாள். சிரிக்கலாமா கூடாதா என்று எதிரில் இருப்பவர் விழிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு குஷி.

அந்த நோயை ஆராயும் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அங்கே முட்டுக்கட்டை ஒன்றே ஒன்று. மருந்தைச் சோதிக்க நோயாளியின் உயிருள்ள செல்கள் வேண்டும். செல் எடுக்க உடம்பை வெட்ட வேண்டும். வெட்டினால் அங்கே எலும்பு வளரும். பேராசிரியர் கை கழுவிவிடும் நிலைக்கு வந்துவிட்டார்.

"சுவத்துல முட்டிக்கிட்டது போதும்மா. வேற நோயைப் பார்ப்போம்."

"உங்களுக்கு வேற நோய் இருக்கு சார். எனக்கு இது ஒண்ணுதான்."

அவர் அவளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்.

அந்த வாரம் அக்கா மகளுக்குப் பல் விழுந்தது. கையில் வைத்துக் காட்டிய அந்தப் பல்லின் அடியில் துளியூண்டு இளஞ்சிவப்புச் சதை ஒட்டியிருந்தது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டாமல், குத்தாமல், உடம்பு தானாகவே கொடுக்கும் உயிருள்ள செல்!

மறுநாளே இந்த நோயுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டாள். முதலில் வந்த பல் வழியிலேயே காய்ந்து போயிருந்தது. அடுத்ததில் பூஞ்சை. மூன்றாவது பல்லை ஏழு வயதுப் பெண் ஒருத்தி சாப்பாட்டோடு விழுங்கிவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க மேடம், கண்ணிமைக்கிற நேரத்துல முழுங்கிட்டா" என்று அவள் அம்மா போனில் அழாத குறை.

"இதுக்குப் போய் மன்னிப்பா? பக்கத்துப் பல் ஆடுதா பாருங்க. யாரும் இழுத்துடாதீங்க, அதுவா விழணும்."

அந்தப் பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் சின்னவளின் இடுப்பில் வீக்கம் கண்டது. வலி உயிரை எடுத்தது. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"இடுப்பு இறுகப் போகுது. எப்படி இறுகணும்னு நீங்கதான் சொல்லணும். உட்கார்ந்த மாதிரியா, நின்ன மாதிரியா?"

காரில் அக்கா பொரிந்து தள்ளினாள். "உட்கார்ந்த மாதிரின்னு சொல்லுடி. சக்கர நாற்காலியில வெச்சு எங்க வேணா கூட்டிட்டுப் போவேன்."

"நாற்காலியில உட்கார்ந்தா மைக்ரோஸ்கோப் எட்டாது. நின்னா கால் தாங்காது. ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுலயா? வாழ்நாள் பூரா அப்படியேவா இருப்ப?"

"வாழ்நாள் பூரா வேலை செய்யணுமே."

அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை தலையணை வேணும்?" என்றாள்.

ஆய்வகத்தின் உயரமான முக்காலியில் சாய்ந்து உட்காரும் அதே சாய்வில் தலையணைகளை அடுக்கி, பல வாரங்கள் சின்னவள் அப்படியே கிடந்தாள். புரண்டு படுக்க உடம்பு கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவள் கேட்டபடியே இடுப்பு இறுகியது.

அதற்குள் அந்தப் பெண்ணின் பல் தானாக விழுந்து, பனிக்கட்டிப் பெட்டியில் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. செல்கள் பிழைத்தன, பெருகின. செல்களை வளர்த்த கண்ணாடித் தட்டுகளில் எலும்பு உருவாகும் இடங்களைச் சாயம் சிவப்பாகக் காட்டியது. மருந்து மாற்றி மருந்தாக ஊற்றிப் பார்த்தாள். எல்லாத் தட்டுகளும் சிவந்துகொண்டே வந்தன. ஒருநாள் காலை ஒரு தட்டு மட்டும் வெளுத்திருந்தது. சாயம் போட மறந்துவிட்டோமோ என்று மறுபடி செய்தாள். மறுபடியும் வெளுப்பு. செல்கள் உயிரோடு இருந்தன, எலும்பு மட்டும் உருவாகவில்லை. பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பரிசோதனைகளெல்லாம் முடிந்து மனிதர்களுக்குக் கொடுக்கும் கட்டம் வர ஆண்டுகள் ஓடின. வளரும் குழந்தைகளுக்குத்தான் முதலில் என்று முடிவாயிற்று. மூட்டுகள் இறுகிப்போன பெரியவர்களுக்கு இடமில்லை. அந்த விதியை எழுதிய குழுவில் சின்னவளும் இருந்தாள்.

"ஊருக்கெல்லாம் விளக்கேத்திட்டு உனக்கு இருட்டா?" என்று அக்கா கொதித்தாள்.

"எனக்கும் ஆத்திரமாத்தான் இருக்கு. மத்தியானம் பூரா அழுதேன்கா. ஆனா கணக்கு சரி. அந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் ஓடுற கால் இருக்கு."

மருந்து தொடங்கிய அடுத்த ஆண்டு, பல்லை விழுங்கிய அந்தப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்தாள். தொடை வீங்கியது. தாயும் மகளும் பேயறைந்தவர்கள் போல வந்து நின்றார்கள். ஆனால் கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. ஸ்கேன் படத்தைச் சின்னவள் வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். தசை தசையாகவே இருந்தது.

"அப்போ சைக்கிள் ஓட்டலாமா?" என்றாள் பெண்.

"ஒரு நல்ல செய்தியை நம்பி ரோட்டுல இறங்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் பொறு."

பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்னவளுக்கு அந்தக் கோபமே பிடித்திருந்தது. ஓட ஆசைப்படுகிற கோபம் அல்லவா!

அவர்கள் போன பிறகு பேராசிரியர் இன்னும் இரண்டு படங்களை மேசைமேல் வைத்தார். அதே மருந்து சாப்பிட்ட வேறு இரண்டு குழந்தைகள். அவர்களுக்கு எலும்பு வளர்ந்திருந்தது.

"இன்னைக்காவது சந்தோஷமா இருந்துட்டு, நாளைக்குப் பார்ப்போமேம்மா" என்றார்.

"சந்தோஷமாத்தான் சார் இருக்கேன்" என்றபடி சின்னவள் முழு உடம்போடு மேசைப் பக்கம் திரும்பினாள். "அவளுக்குக் கேட்ட மருந்து இவங்களுக்கு ஏன் கேக்கலை? அந்தப் படத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க, எனக்குக் குனிய வராது."