ஏறி உட்காரும் வரை

மீன் பிடிக்கிற ஊரில் பிறந்துவிட்டு மீனைப் பற்றிப் படிக்க நார்வேக்குப் போகிறானாம் என்று கோவளமே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். மீனைப் பிடிப்பது வேறு, பிடித்த மீனைக் கெடாமல் காப்பது வேறு என்று எத்தனை பேருக்கு விளக்கிக்கொண்டிருப்பது? அது எழுபத்து நான்காம் வருடம். உதவித்தொகையோடு இரண்டு வருடப் படிப்பு கிடைத்திருந்தது. எங்கள் தெருவில் கப்பலேறியவர்கள் உண்டு, விமானம் ஏறியவன் கிடையாது. அதனால் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தபோது, சுபஹான் எதைத் திருடினான் என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். செங்கல்பட்டுத் தையல்காரர் அதுவரை ரயில்வேக்காரர்களுக்குத்தான் கறுப்புக் கோட்டு தைத்திருந்தார். எனக்கும் அதையே தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் ரயில் இல்லாத ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி இருந்தேன். அம்மா பெட்டியில் கருவாட்டை வைப்பாள், நான் எடுப்பேன், மறுபடி வைப்பாள். நார்வேயில் மீன் இல்லாமலா என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று கத்திப் பார்த்தேன். கருவாடுதான் ஜெயித்தது.

அம்மா பெயர் ஹபீபா. அத்தா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே மவுத்தாகிவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என்னை அனுப்பச் சம்மதித்ததே பெரிய விஷயம். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டாள். பயணம் கிளம்புகிறவன் வாசலைத் தாண்டினால், வண்டியில் ஏறி உட்காரும் வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் திரும்பி வரமாட்டான். அவளுடைய மூத்த அண்ணன் பினாங்குக்குக் கிளம்பிய அன்று, பஸ்ஸுக்கு நடக்கும்போது யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினாராம். போனவர் போனவர்தான். அதிலிருந்து அவளுக்கு இது விளையாட்டில்லை. படித்தவன் என்கிற திமிரில் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் வந்தது. வண்டி என்றால் எது? மீனம்பாக்கம் போகப் பேசியிருக்கும் வேனா, விமானமா? அம்மாவின் தம்பி ஹமீது மாமா பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தார். எந்த பஸ் எப்போது வரும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர், அதனால் போக்குவரத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. வேன் சும்மா கொண்டுபோய் விடுவது, பயணத்து வண்டி விமானம்தான், அதில் உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றார். அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

"ஜன்னலாண்ட குந்திக்கினு பாருடா. நான் மேல நின்னுகினு கை ஆட்டறேன்" என்றாள்.

விமான நிலையத்தில் வழியனுப்ப வருகிறவர்கள் நின்று பார்க்க ஒரு மாடி உண்டு. ஜன்னல் சீட்டு மட்டும் கிடைத்துவிட்டால் போதும் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு.

தர்காவில் துஆ கேட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியோடு வாசலைத் தாண்டினேன். வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் பாதி எனக்குப் பின்னால். எல்லாரும் என் பிடரியோடு பேசிக்கொண்டு வந்தார்கள். கேளம்பாக்கம் தாண்டியதும் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாத இந்தச் சட்டத்தைப் போட்டவன் எவனோ அவன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மீனம்பாக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனேன். முதுகில் ஒரு கை பட்டது. அம்மாவின் கை. "போய்ட்டு வாடா" என்றாள். "வர்றேம்மா" என்று எதிரே இருந்த சுவரிடம் சொன்னேன்.

உள்ளே ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கிவிட்டேன். அங்கிருந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும். பம்பாய் விமானம் நாலு மணிக்கு. நாலு ஆவதற்குச் சற்று முன், எந்திரக் கோளாறு, தாமதமாகும் என்று அறிவித்தார்கள். எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் கண்ணாடிச் சுவர் பக்கம் போனேன். எதிரே ஓரமாக அந்த மாடி தெரிந்தது. வெள்ளை வெள்ளையாகத் துப்பட்டிகள், எங்கள் தெருப் பெண்கள்தான். முன்னால் இருப்பதைப் பார்ப்பது திரும்பிப் பார்ப்பதாகாது என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். ஆனால் அவ்வளவு தூரத்தில் எது அம்மா என்று தெரியவில்லை.

அப்போது வேறொரு விமானத்துக்கு ஆட்கள் நடந்தார்கள். ஹைதராபாத் போகிற விமானம். மணி சரியாக நாலு. மாடியில் ஹமீது மாமா கையை நீட்டி எதையோ காட்டுவது தெரிந்தது. கோவளத்தில் நாலு மணிக்கு ஒரு பஸ் வந்தால் அதுதான் நாலு மணி பஸ். வேறு பஸ் ஏது? மாமா அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

துப்பட்டிகள் எல்லாம் ஒன்றாக ஆடின. கறுப்புக் கோட்டு போட்ட ஒரு ஆள் படி ஏறிக்கொண்டிருந்தான். மேல்படியில் நின்றான், திரும்பினான், மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினான். யாருக்கு ஆட்டினானோ, ஒருவேளை இத்தனை பேர் ஆட்டுகிறார்களே என்று மரியாதைக்கு ஆட்டினானோ. நன்றாகவே ஆட்டினான். நான் கண்ணாடியைத் தட்டினேன். வாசலில் நின்ற காவலரிடம் ஓடி, ஒரு நிமிடம் வெளியே விடுங்கள், அவர்கள் வேறு விமானத்துக்குக் கை ஆட்டுகிறார்கள் என்றேன். உள்ளே வந்தால் வந்ததுதான் என்றார் அவர். மறுபடி கண்ணாடிப் பக்கம் வந்து பார்த்தபோது அந்த விமானம் கிளம்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடி காலியானது. வேன்காரனுக்கு அவசரம் இருந்திருக்கும்.

அங்கே அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, அதற்கென்ன செய்வது.

வெளிச்சம் மங்கும்போது எங்களைக் கூப்பிட்டார்கள். விமானத்தை நோக்கி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் மாடியில் யாருமில்லை என்று எனக்குத் தெரியும். திரும்பினால் கேட்க நாதியில்லை. இருந்தும் திரும்பவில்லை. படியில் கழுத்து வலிக்கிற அளவுக்கு விறைத்துக்கொண்டு ஏறினேன். உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு ஆள் மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் விமானப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. காது அடைத்தது. பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் பக்கத்து ஆளைக் கேட்டேன். பம்பாயில் ஏறிய அடுத்த விமானத்தில் கறி வைத்தார்கள், ஹலாலா என்று கேட்க வெட்கப்பட்டு ரொட்டியை மட்டும் தின்றேன். நான் படித்த ஊரான பெர்கனில் மழை, எப்போது பார்த்தாலும் மழை. விடுதி அறையில் கருவாட்டைச் சுட்டபோது அந்த மாடி முழுக்கக் கதவைத் திறந்து மூக்கைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு சுடவில்லை. பேச ஆளில்லாத நாட்களில் அம்மாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பேன். முதுகில் பட்ட கைதான் வரும்.

இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பினேன். அம்மா இளைத்துப் பாதியாகிவிட்டிருந்தாள். என்னம்மா இது, சாப்பிடுவதில்லையா என்று அதட்டினேன். நீ போனதிலிருந்து உங்கம்மா வாரம் ரெண்டு நோன்பு என்று மாமா சொன்னார். ஏன் என்று கேட்டேன். அம்மா என் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அத்தினி தபா சொல்லி அனுப்பினேன். மேல்படில போய்த் திரும்பிட்டியேடா. எனக்கு உசுரே பூடுச்சு. எங்கண்ணன் மாரி நீயும் வரமாட்டேன்னு பயந்துகினே கெடந்தேன்."

அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடிதத்தில் எழுதாமல், நேரில்தான் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாக வைத்திருந்த வார்த்தை அது. நான் திரும்பவேயில்லை, ஆளில்லாத மாடிக்குக் கூடத் திரும்பவில்லை, உன் சொல்லை அப்படிக் காப்பாற்றினேன் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும்.

"ஆனா ஒண்ணுடா" என்றாள் அம்மா. "கோவந்தான் எனக்கு. ஆனாலும் எம்புள்ள என்னைப் பாக்காம போவ முடியாம திரும்பிட்டானேன்னு கீது பாரு, அத்த நெனச்சிகினுதான் ரெண்டு வருசத்த ஓட்டுனேன்."

மாமா வெளியே எழுந்து போனார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாங்க முடியலம்மா" என்றேன். "அதான் திரும்பிட்டேன்."