மூன்றாம் ஓலை

எங்கள் கோவிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். பங்குச் சாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்யப்போகிறார்கள், இதற்கு ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இது முதலாம் ஓலை" என்று முடிப்பார். உடனே ஊர் முழுக்கத் தலையைத் திருப்பி அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடும். நானும் எத்தனையோ பேரை அப்படித் தேடிப் பார்த்து ரசித்தவள்தான். 1954இல் ஈஸ்டர் கழிந்து என் பேரும் ததேயூஸ் பேரும் வாசித்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் தேடிய இடத்தில் நான் இல்லை. கோவிலுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பூசையில் நன்மை அப்பம் வாங்கும் முன்னால் தண்ணீர் குடிக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அது எனக்காகவே வந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதமாக அப்படி ஒரு தாகம். தின்றதெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாமல் ரவிக்கை தொளதொளத்தது. கல்யாண நினைப்பில் பெண் மெலிகிறாள் என்று பாறசாலைச் சந்தையில் மீன் வாங்க வருகிறவர்கள்கூடக் கேலி செய்தார்கள். சந்தையில் யாருக்கும் பதில் பாக்கி வைக்காதவள் நான். அந்தக் கேலிக்கு மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எறும்புதான் காட்டிக்கொடுத்தது. வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் நான் போய் ஒதுங்கும் இடத்தில் எறும்பு சாரை சாரையாக வருவதை அம்மா பார்த்துவிட்டாள். அம்மா பேர் பிரான்சிஸ்கா. எதைக் கண்டாலும் முதலில் சிலுவை போட்டுக்கொள்வாள், பிறகுதான் யோசிப்பாள். செவ்வாய்க்கிழமை மீன்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என்னை நெய்யாற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கிருஷ்ணன்குட்டி டாக்டரின் கம்பவுண்டர் ராபின்சன், ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, நான் கொடுத்ததில் சில துளி விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சள் கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அழகாக இருக்கிறதே என்று நான் சொன்னேன். ராபின்சன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குழாயை டாக்டரிடம் கொண்டுபோனார்.

"இது சர்க்கரை வியாதியாக்கும்," என்றார் டாக்டர். "இதுல ரெண்டு வகை உண்டு. சின்ன வயசுக்காரங்களுக்கு வாறது ஒண்ணு. அதுக்கு தினமும் இன்சுலின் ஊசி வேணும், ஆயுசு முழுக்க. வயசானவங்களுக்கு வாறது வேற. அது சாப்பாட்டைக் கட்டினா அடங்கிப்போவும்."

"எனக்கு எது?" என்று கேட்டேன்.

அவர் என் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வயதை மறுபடி கேட்டார். இருபத்திரண்டு என்றேன். "வயசைப் பாத்தா முதலாவது. ஆனா மூத்திரத்தைப் பாத்தா அதுல வர வேண்டிய ஒரு வஸ்து வரல்ல. இப்போ சொல்ல முடியாது. உன் காரியமும் இந்த நெய்யாற்றங்கரைத் தாலூக்கா காரியமும் ஒண்ணுதான் பிள்ளே. தமிழ்நாட்டுக்குப் போவுமா, இஞ்சதான் நிக்குமாண்ணு கமிஷன் வந்து பாத்துத்தான் சொல்லணும். பத்து நாள் களிஞ்சு வெள்ளிக்கிழமை வா. பேடிக்கண்டா." பயப்படாதே என்பதை மட்டும் அவர் மலையாளத்தில் சொன்னார். அம்மா அதற்கும் ஒரு சிலுவை போட்டாள்.

மரச்சீனி, அதுதான் மரவள்ளிக் கிழங்கு, கூடாது, கருப்பட்டி கூடாது, சோறு ஒரு கைப்பிடி. மீன் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். கிழங்கு இல்லாமல் மீனை மட்டும் தின்னச் சொல்வது எங்கள் கடற்கரையில் ஒரு பெரிய தண்டனை. அப்பா யேசுவடியான் கரைமடி வலை இழுத்து முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டதும், தன் தட்டிலிருந்த கிழங்கை அம்மா பக்கம் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து அவரும் என் முன்னால் கிழங்கு தின்னவில்லை. பக்கத்து வீட்டில் போய்த் தின்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

"தாலிகெட்டு முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத மக்கா," என்றாள் அம்மா. "தினமும் ஊசி குத்துற பெண்ணு வேணுமாண்ணு கேட்டா எவன் வேணுமுண்ணு சொல்லுவான்? ஒருவேளை ஊசி வேண்டாத வகையா இருந்தா சும்மா கெடுத்த மாதிரி ஆயிரும்."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவள். விக்கினத்தை அறிந்தும் மறைப்பவர்கள் சாவான பாவம் செய்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளை மூன்று தடவை உரக்கச் சொல்லவைத்தவளே நான்தான். இரண்டாம் ஓலை வாசித்தபோது கோவிலுக்குள்தான் இருந்தேன். "விக்கினம்" என்று சாமியார் சொன்னதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும். இந்தக் கோவிலில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? இதை மறைத்துக் கட்டினால் கல்யாணமே செல்லாது, நான் ததேயூசுடன் வாழ்வது பாவமாகிவிடும் என்று முடிவே செய்துவிட்டேன்.

எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். அதையும் சொல்லிவிடுகிறேன். ததேயூஸ் அதிகம் பேசாதவர். போன வருஷம் பாறசாலைச் சந்தையில் என் மீன்பெட்டியை ஒரு மாடு முட்டிக் கவிழ்த்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை சாளை மீனையும் பொறுக்கி, கழுவி, முன்பைவிட அழகாக அடுக்கிவைத்துவிட்டுப் போனவர். அன்றைக்கே எனக்கு மனசு போய்விட்டது. பெண் கேட்டு அவர்கள் வீட்டிலிருந்து வந்த நாளில் நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம், என் சொந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் அறிவிக்க நானே சாமியார் பங்களாவுக்குப் போனேன். "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நோயையும் சொன்னேன், அது எந்த வகை என்று தெரியாததையும் சொன்னேன், ஓலையை நிறுத்திவிடுங்கள் என்றும் சொன்னேன்.

சாமியார் நெடுநேரம் சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"நீ கன்னியாஸ்திரி வார்த்தைப்பாடு குடுத்திருக்கியா?"

"இல்ல சாமி."

"ததேயூசு உனக்கு சித்தப்பன் மவனா?"

"இல்ல சாமி."

"உனக்கு வேற மாப்பிள்ளை உயிரோட உண்டா?"

"என்ன சாமி இப்பிடிக் கேக்கிய."

"இதாக்கும் விக்கினம். இந்தப் புஸ்தகத்துல நோய்ண்ணு ஒரு வரி கிடையாது. நீ ஞானோபதேசம் படிப்பிக்கிறவளாக்கும், நல்லா படிப்பிச்சே." புத்தகத்தை மூடினார். "ஆனா அவன்கிட்ட நீ சொல்லணும். அது சட்டம் இல்ல, மரியாதை. மூணாம் ஓலைக்கு முன்ன சொல்லிரு."

பாவம் இல்லை என்றதும் பாரம் பாதி இறங்கியது. மீதிப் பாதிதான் பெரிய பாதி. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சொல்லப் போகிறேன் என்று கிளம்பி, கடற்கரையில் அவர் வலை உலர்த்துவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். சந்தையில் இவ்வளவு பேசுகிற வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஹர்த்தால். எங்கள் தாலூக்காவையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கட்சிக்காரர்கள் கடையை அடைக்கச் சொல்லியிருந்தார்கள், பஸ் ஓடாது. டாக்டரைப் பார்க்காமல் தப்பித்தோம் என்று நான் மீன் ஆய உட்கார்ந்தபோது, வாசலில் ததேயூஸ் நின்றார். இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தார்.

"இண்ணைக்கு வண்டி கிடையாது," என்றார் அம்மாவிடம். "பூவாற்றில இருக்கிய எங்க மாமனுக்க வள்ளம் கொண்டுவந்திருக்கேன். ஆத்து வழியே போயிரலாம்."

"எங்க போவ?" என்றாள் அம்மா.

"நெய்யாற்றங்கரைக்கு. டாக்டரு இண்ணைக்கு வரச் சொல்லியிருக்காருல்லா."

அம்மா இரண்டு கையாலும் சிலுவை போடப் பார்த்தாள்.

வள்ளத்தில் அவர் ஒரு முனையில் நின்று கழி ஊன்றினார், நான் மறுமுனையில் இருந்தேன், நடுவில் அம்மா எல்லைக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் எல்லைக்கல் ஜெபமாலையை உருட்டியபடி தூங்கிவிட்டது.

"நீங்க எப்பிடி அறிஞ்சிய?" என்று கேட்டேன்.

"அக்கா அங்க சந்தையில மீன் விக்குதுல்லா. டாக்டர் வீட்டு வராந்தாவுல உங்களைக் கண்டிருக்கு. கம்பவுண்டர்ட்ட கேட்டிருக்கு. மறுநாளே என்கிட்ட சொல்லிச்சு."

"பிறவு?"

"அந்த வாரம் வியாழக்கிழமையே நான் சாமியாரைப் போய்ப் பாத்தேன்."

ஓலையை நிறுத்தச் சொல்லத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். "என்னத்துக்கு?" என்று கேட்டது எனக்கே கேட்கவில்லை.

அவர் கழியைத் தூக்கி மறுபடி ஊன்றினார். "நோய் ஒரு விக்கினமாண்ணு கேக்கத்தான். ஊருல எவனாவது போய்ச் சொல்லி ஓலையை நிறுத்திரப்பிடாதுல்லா. அப்பிடி யாராவது வந்தா என்னைக் கூப்பிடணுமுண்ணும் சாமிகிட்ட சொல்லியிட்டு வந்தேன்."

"சாமி என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

சாமியார் அன்றைக்கு ஏன் அவ்வளவு சிரித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் முதலில் கோபம்தான் வெளியே வந்தது. "அப்பம் ரெண்டாம் ஓலைக்கு முன்னயே உங்களுக்குத் தெரியும். நான் மட்டும் பாவம் பாவமுண்ணு செத்துக் கிடந்தேன். வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீ வந்து சொல்லுவேண்ணு நெனச்சேன். மூணு நாளும் வலைக்கப்பறம் வந்து நிண்ணியே, நானும் உலர்ந்த வலையையே திரும்பத் திரும்ப உலர்த்திக்கிட்டு நிண்ணேன்."

நான் ஆற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி அவர்மேல் எறிந்தேன். அதில் பாதி அம்மாமேல் விழுந்தது. அம்மா விழித்து, மழையா என்று வானத்தைப் பார்த்தாள். இரண்டு இடத்தில் ஆறு வற்றியிருந்தது, அவர் இறங்கி எங்கள் இருவரையும் வைத்தே வள்ளத்தைத் தள்ளினார். எனக்கு இறங்கி நடக்கத் தோன்றவேயில்லை.

ராபின்சன் விளக்கைப் பற்றவைத்தபோது நான்கு தலைகள் அந்தக் குழாயைச் சுற்றி நின்றன. நீலம் பச்சையானது. பச்சை மெதுவாக மஞ்சளானது. அங்கேயே நின்றது. ராபின்சன் இன்னும் கொஞ்சம் சூடு காட்டினார், மஞ்சள் அசையவில்லை.

"ஊசி இல்லாம இவ்வளவு இறங்கியிருக்கு, நல்லது," என்றார் டாக்டர். "ஆனா இப்பவும் எந்த வகைண்ணு என்னால சொல்ல முடியாது. சிலருக்கு மெல்லத்தான் தெரியும். ஆறு மாசம், ஒரு வருஷம் ஆவும். அதுவரைக்கும் தாகம், வாந்தி வந்தா உடனே வரணும்." பிறகு ததேயூசைப் பார்த்து, "இது ஆரு?" என்று கேட்டார்.

"மூணாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை," என்றார் ததேயூஸ், அதுதான் தன் பேர் என்பது போல. அதற்குப் பிறகு அவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார், அவர் அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை. ஊசி எங்கே குத்த வேண்டும், எவ்வளவு ஆழம், வீட்டில் இருப்பவர்கள் குத்தலாமா, கடலுக்குப் போகும் நாளில் விடியற்காலையே குத்திவிடலாமா. கடைசியில், "எங்க ஊருல ஐஸ் கிடையாது. அந்த மருந்து கெடாம எப்பிடி வைக்கிறது?" என்றார்.

"மண்பானையை நனைஞ்ச மணலுக்குள்ள புதைச்சு அதுல வைக்கலாம். ஆனா ஊசி இன்னும் முடிவாகல்லியே," என்றார் டாக்டர்.

"மணலுக்கு எங்க ஊருல பஞ்சம் இல்ல," என்றார் ததேயூஸ்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. விக்கினம் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சாமியார் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக முதலில் என்னைப் பார்த்தார், பிறகு ஆண்கள் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். ததேயூஸ் எழுந்து நின்று, எவனாவது வாயைத் திறக்கட்டும் என்பது போல ஒவ்வொரு வரிசையாக ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை கல்யாணம். சாயங்காலம் அவர் வீட்டு அடுப்படிக்குள் முதன்முதலாக வலதுகால் வைத்தபோது, மூலையில் ஒரு மணல்மேடு இருந்தது. அதற்குள் கழுத்து வரை புதைத்த சின்ன மண்பானை, மேலே தேங்காய்ச் சிரட்டை மூடி. மணல் அப்போதுதான் நனைத்தது போல ஈரமாக இருந்தது. சிரட்டையை எடுத்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் இல்லை.

"வந்தா இருக்க இடம் வேண்டாமா," என்றார் பின்னாலிருந்து.

இதெல்லாம் நடந்து இரண்டரை வருஷம் ஆகிறது. கமிஷன் வந்து பார்த்துப் போய், பக்கத்துத் தாலூக்காக்களான கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுக்குப் போயின. நாங்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டோம். என் காரியத்தில் கிருஷ்ணன்குட்டி டாக்டர் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. குழாய் சில மாதம் பச்சையில் நிற்கும், சில மாதம் மஞ்சளுக்குப் போகும், ஊசி இதுவரை வரவில்லை. ததேயூஸ் தினமும் கடலுக்குப் போகும் முன்னால் ஒரு செம்பு தண்ணீரை அந்த மணலில் ஊற்றிவிட்டுத்தான் போகிறார்.